அரை முழக் குழாய்

இதுங்களா? இது குழாய்ங்க. தண்ணிக் குழாய். அரை முழம் இருக்கும். பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல துண்டையும் சுத்தி மடியில வெச்சிருக்கறதால நீங்க வேற என்னமோன்னு நெனைச்சுட்டீங்க. ஊட்டி ஸ்டாண்டுல ஏறினதுலருந்து நீங்க இதையே பாக்கறதை நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். பயப்படாதீங்க.

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுருங்க. குன்னூர் தாண்டற வரைக்கும் காத்து சும்மா விடாது. நீங்க எங்க, காரமடைங்களா? நல்லதுங்க. நான் கோயமுத்தூர். அப்ப ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஒண்ணாத்தான் போறோம். நான் பொதுவா பஸ்ஸுல யார்கிட்டயும் பேச்சுக் குடுக்கறவன் இல்லீங்க. நீங்களா பாத்தீங்க, அதனால சொல்றேன்.

பிரிச்சே காட்டறேன். பாருங்க, எப்படிப் பிளந்திருக்குதுன்னு. முருங்கைக்காய் முத்திக் காஞ்சா வெடிக்குமில்ல, அந்த மாதிரி நீளவாக்குல. இரும்புக் குழாய்ங்க இது. சுத்தியல்ல அடிச்சாலும் நசுங்குமே தவிர பிளக்காது. உள்ள இருந்த தண்ணி ஐஸாகி, ஊதிப் பிளந்திருக்குது. விரலை விடாதீங்க, ஓரம் கிழிச்சுரும். எனக்கு ஏற்கனவே ஒரு தடவை கிழிச்சுருச்சு.

என் பேரு அர்த்தநாரிங்க. தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூம்ல இருந்து ரிட்டையர் ஆனவன். வீடு தலைகுந்தாவுல. கேள்விப்பட்டிருப்பீங்க, உறைபனின்னா டிவியில முதல்ல எங்க ஊரைத்தான் காட்டுவான். இந்த மார்கழி கடைசியில ஒரு வாரம் விழுந்துச்சு பாருங்க, அதை எல்லாம் பனின்னே சொல்லக்கூடாது. காலையில கதவைத் தொறந்தா புல்லு பூரா உப்பைக் கொட்டினாப்ல கெடக்குது. ஆறு மணிக்கே டூரிஸ்ட் கார் வந்து நின்னுக்குது. எங்க வீட்டுக்கு முன்னாடி இருக்கற புல்லைக் குனிஞ்சு குனிஞ்சு படம் புடிக்கறாங்க. ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, "அங்கிள், நீங்க குடுத்து வெச்சவங்க"ன்னு சொல்லுச்சு. உள்ள எனக்குப் பல்லு விளக்கத் தண்ணி இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முப்பத்தியொரு வருஷமா அந்த வீட்டுல இருக்கேன். முப்பத்தியொரு பனிக்காலம். ஒரு தடவை கூட எங்க வீட்டுக் குழாய் உறைஞ்சதில்லை. தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரு வருஷம் இல்லாட்டி ஒரு வருஷம் உறைஞ்சிருக்குது, வெடிச்சிருக்குது. எங்க வீட்டுல மட்டும் இல்லை. ஏன் இல்லைன்னு நான் எல்லாருக்கும் சொல்லிருக்கேன். குழாயை இறுக்கி மூடணும். அவ்வளவுதான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நானே போய் சமையக்கட்டுக் குழாயைப் புடிச்சு, இதுக்கு மேல திரும்பாதுங்கற வரைக்கும் திருகிட்டு வருவேன். ஒரு சொட்டுக் கசியக்கூடாது. கசிவு இருந்தாத்தான் குளிரு உள்ள ஏறும்னு என்னோட கணக்கு. சும்மா வாயில சொல்லலீங்க, ஒரு பேப்பருக்கு வாசகர் கடிதமே எழுதினேன். 'உறைபனியிலிருந்து குழாய்களைக் காக்க எளிய வழி'ன்னு போட்டிருந்தான். அந்தக் கட்டிங்கை ரொம்ப வருஷமா பர்ஸுலயே வெச்சிருந்தேன். இப்ப கொண்டு வரலை.

அந்தக் கடிதம் வந்த அன்னிக்கு எங்க வீட்டம்மாகிட்டக் குடுத்து சத்தமாப் படிக்கச் சொன்னேன். நாகமணின்னு பேரு. படிச்சா. "நல்லா எழுதியிருக்கீங்க"ன்னா. சொல்லிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. உள்ள இருந்து சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. பெருமையில சிரிக்கறான்னு நான் நெனைச்சேன்.

பக்கத்து வீட்டுக்காரர் போஜன்னு. ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. அவரு என் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் குழாயை இறுக்கி மூடினாரு. மறுநா காலையில வெடிச்சுருச்சு. என்கிட்ட வந்து கேட்டாரு. நீங்க சரியா இறுக்கியிருக்க மாட்டீங்க, கைப்பழக்கம் வேணும்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவரு என்கிட்ட குழாயைப் பத்திப் பேசினதே இல்லை.

குன்னூர் வந்துருச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி. எனக்கும் வேண்டாம். இந்தக் குளிருல டீயைக் கையில வாங்கி வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள ஆறிப்போயிருது. முன்னெல்லாம் வீட்டுல ஆறாது. அது ஏன்னு இப்பத்தான் தெரியுது. டம்ளரை முதல்ல வெந்நீர்ல கழுவிட்டு ஊத்துவாளாம் நாகமணி. சொன்னாத்தான தெரியும்?

அவ இப்ப கோயமுத்தூர்ல இருக்கா. மக வீட்டுல. எங்களுக்கு ஒரே மக, ஹேமா. ஐப்பசியில போனா, இப்பத் தை பொறந்து பத்து நாளாச்சு. ஹேமாவுக்குத் தலைப்பிரசவம். நியாயமா பாத்தா அது எங்க வீட்டுல நடக்கணும். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான, அதுதான வழக்கம்? நான் அறையெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருந்தேன். ஹேமா போன்ல அழுவுறா, அப்பா பச்சக் குழந்தையை வெச்சுக்கிட்டு அந்தக் குளிருல முடியாது, அம்மாவை இங்க அனுப்புங்கன்னு. மாப்பிள்ளையும் அதையே சொல்றாரு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. நீ எங்கடி பொறந்த, இதே வீட்டுல இதே பனியில தான பொறந்து வளந்தன்னு கேட்டேன். அதுக்குப் பக்கத்துல நின்ன நாகமணி பதில் சொன்னா. "அவ பிழைச்சது எப்படின்னு எனக்குத்தாங்க தெரியும்"னா. என்ன பேச்சு பாருங்க. நானும் அதே வீட்டுலதான இருந்தேன்?

அப்படி இப்படிப் பேச்சு வளந்து, அவ பொட்டியைக் கட்டிட்டா. என்னையும் வரச் சொன்னா, அது உண்மை. நீங்களும் வாங்க, பனி முடியற வரைக்கும் அங்க இருந்துட்டு வரலாம்னா. நான் எப்படிங்க போறது? பொண்ணைக் குடுத்த வீட்டுல போய் மாசக்கணக்குல உக்காந்து சாப்பிடறதா? ரெண்டு நாளுக்கு மேல தங்கினா மரியாதை போயிரும்னு எங்கப்பா காலத்துலருந்து எங்க குடும்பத்துல ஒரு இது. அதோட வீட்டை யாரு பாத்துக்கறது? குழாயை யாரு ராத்திரி மூடறது? அப்படித்தான் கேட்டேன். குழாயை யாரு மூடறதுன்னு. அவ என்னை ஒரு மாதிரி பாத்தா.

தனியா இருக்கறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க. எனக்கு சமைக்கத் தெரியும். சோறு வெப்பேன், ரசம் வெப்பேன். ஆனா இந்தக் குளிரு வந்ததுலருந்து வீட்டுல ஒரு சாமானும் என் பேச்சைக் கேக்கலை. தேங்கா எண்ணெ பாட்டிலுக்குள்ள கல்லாட்டம் கெடக்குது. அக்குள்ள வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருப்பேன், தலைக்கு ஒரு சொட்டு வைக்க. பால்ல மோர் ஊத்தி வெச்சா மறுநாளும் பாலாவேதான் இருக்குது. கொடியில போட்ட துண்டு விறைச்சுப் போயி, எடுத்து செவுத்துல சாச்சு வெச்சா அப்படியே நிக்குது. இட்லி மாவு இருக்குதே, அது மூணு நாள் ஆனாலும் பொங்கலை. கடையில விக்கற மாவும் வாங்கிப் பாத்தேன், அதுவும் பொங்கலை. அதை அப்படியே ஊத்தினேன். வந்ததை இட்லின்னு சொல்ல மாட்டேன். கேஸ் அடுப்பு வேற, சிலிண்டர்ல கேஸ் இருக்குது, எரிய மாட்டேங்குது. போஜன் வீட்டம்மா வந்து பாத்துட்டு, சிலிண்டரை ஒரு வாளி வெந்நீர்ல கொஞ்ச நேரம் நிறுத்தி வெப்பாங்க உங்க வீட்டுல, நான் பாத்திருக்கேனேன்னு சொல்லுச்சு. வெந்நீர் போடறதுக்கு அடுப்பு எரியணுமில்ல? அதை நான் கேட்டேன். அந்தம்மா சிரிச்சுட்டு அவங்க வீட்டுலருந்து ஒரு வாளி கொண்டு வந்து குடுத்துச்சு.

இந்த லட்சணத்துல பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காலையில எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போறேன், குழாயைத் திருகினா தண்ணி வரலை. முந்தின நா ராத்திரி நல்லா இறுக்கித்தான் மூடியிருந்தேன். எப்பவும் மூடறதை விட ஒரு சுத்து அதிகமாவே மூடியிருந்தேன். சரி, வெயில் வரட்டும்னு விட்டுட்டேன். ஒம்பது மணிக்கு வெயில் செவுத்துல பட்டுச்சு. நான் ஹால்ல பேப்பர் படிச்சுட்டு இருக்கேன். பட்டாசு போட்டாப்ல இல்லீங்க, சும்மா ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா சமையக்கட்டு பூராத் தண்ணி. செவுத்தோரமா போற குழாய் பிளந்து, நேரா அரிசி மூட்டை மேல பீச்சுது. அந்தத் தண்ணி மேல பட்டுச்சு பாருங்க. வலின்னே சொல்லலாம். நான் ரெண்டு கையாலயும் பொத்தறேன், நிக்கலை. கேட் வால்வு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. முப்பத்தியொரு வருஷம் அந்த வீட்டுல இருந்திருக்கேன், தண்ணியை மொத்தமா நிறுத்தற வால்வு எங்கன்னு தெரியலை. போஜன் சுவரேறிக் குதிச்சு வந்து, துணி துவைக்கற கல்லுக்குப் பின்னால கையை விட்டு மூடினாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்குது.

யூசுப் பாயைக் கூப்பிட்டேன். எங்க ஏரியாவுக்கு அவருதான் பிளம்பர், வயசானவரு, வேலை சுத்தம். வந்தாரு, குழாயைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "அம்மா ஊர்ல இல்லீங்களா சார்?"னு கேட்டாரு. குழாய் வெடிச்சதுக்கும் அம்மா ஊர்ல இல்லாததுக்கும் என்ன சம்பந்தம் பாய்னேன். சும்மாத்தான் கேட்டேன்னு சொல்லிட்டு ரம்பத்தை எடுத்துட்டாரு. வெட்டினது இந்தத் துண்டுதான். குப்பையில போடறதுக்குக் கொண்டு போனாரு, நான்தான் வாங்கி வெச்சுக்கிட்டேன். ரெக்கார்டு ரூம்ல இருந்தவன் இல்லீங்களா, எதையும் தூக்கிப்போட வராது.

அன்னிக்கு மத்தியானம் அவளுக்குப் போன் போட்டேன். நடுவுல ரெண்டு மாசம் நான் போன் பண்ணலை. ஹேமாதான் பண்ணுவா. குழந்தை பொறந்த அன்னிக்கு மாப்பிள்ளை பண்ணினாரு. பையன். தொட்டில் போட்டப்பக் கூட நான் போகலை, முதுகு வலின்னு சொல்லிட்டேன். சரி, அதை விடுங்க. அவ எடுத்தா. நான் எடுத்த எடுப்புல, குழாய் வெடிச்சுருச்சுன்னேன்.

"ராத்திரி சொட்ட விடலீங்களா?"ன்னா.

"எதை?"

"குழாயைத்தாங்க."

"குழாயை எதுக்குச் சொட்ட விடணும்? எப்பவும் போல இறுக்கி மூடித்தான் வெச்சேன்."

"நீங்க மூடுவீங்க. நீங்க படுத்ததுக்கப்புறம் நான் போய்த் தொறந்து விடுவேங்க. ஓடற தண்ணி உறையாது. நீங்க எந்திரிக்கறதுக்குள்ள மறுபடி மூடிருவேன்."

"எத்தனை வருஷமா?"

"அங்க குடி வந்த வருஷத்துலருந்துங்க."

நான் போனை வெச்சுட்டேன். நீங்க சொல்லுங்க, இது ஏமாத்து இல்லையா? முப்பத்தியொரு வருஷம் ஒரு மனுஷனைத் தெரு பூராப் போய் அறிவுரை சொல்ல விட்டு, பேப்பருக்கு எழுத விட்டு, அதை சத்தமாப் படிச்சும் காட்டி, ஒரு வார்த்தை சொல்லலை. போஜனுக்குத் தெரிஞ்சிருக்குது. யூசுப் பாய்க்குத் தெரிஞ்சிருக்குது. போஜன் வீட்டம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்? தெருவுக்கே தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் தெரியாது. நேர்ல போய் இந்தக் குழாயை அவ முன்னாடி வெச்சு, ஏன் இப்படிப் பண்ணினன்னு கேக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அதுக்குத்தான் இந்தத் துண்டு.

என்னங்க? ஏன் சொல்லலைன்னா? சொல்லியிருக்கா. முதல் வருஷம் சொல்லியிருக்கா. எனக்கு ஞாபகம் வந்துச்சு. குழாயைக் கொஞ்சம் தொறந்து வெச்சாத்தான் நல்லதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்கன்னு சொன்னா. தண்ணியை வீணடிக்கறவங்க பேச்சைக் கேக்காத, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் அவ சொல்லலை.

பர்லியார் தாண்டியாச்சா? பாருங்க, எல்லாரும் ஸ்வெட்டரைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நீங்களும் கழட்டுங்க, எனக்காகப் பாக்காதீங்க. எனக்கு இன்னும் குளிருது. இந்த வருஷம் எனக்கு மேல்சூடு வரவே மாட்டேங்குது.

குழாய் புதுசாப் போட்டாச்சு. அன்னிக்கு ராத்திரி நான் அவ சொன்னபடி சொட்ட விட்டேன். லேசா விட்டேன். காலையில பாத்தா குழாய் வாயில ஐஸ் தொங்குது. நல்லவேளை வெடிக்கலை. மறுநாள் கொஞ்சம் அதிகமா விட்டேன். விடியறதுக்குள்ள மேல டேங்க் காலி. சரி, இதுக்கு ஒரு அளவு இருக்கணுமேன்னு மறுபடி போன் போட்டேன். சந்தேகம் கேக்கத்தான் போட்டேன், வேற ஒண்ணுக்கும் இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னு கேட்டேன். பேப்பர் பேனாவோட உக்காந்திருந்தேன்.

அவ சொன்னா, "அளவெல்லாம் இல்லீங்க. கீழ ஒரு டம்ளரைக் கவுத்து வெச்சுருவேன். சொட்டறது எனக்குக் கேக்கணும். பெட்ரூமுக்குக் கேக்கக்கூடாது. உங்களுக்குத் தூக்கம் கெட்டுரும்."

அவ்வளவுதானான்னு கேட்டேன்.

"அவ்வளவுதாங்க. உறையற மாதிரி இருந்தா சத்தம் நின்னுரும். நின்னா எனக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சுக் கொஞ்சம் வெந்நீர் ஊத்தி விட்டுட்டுப் படுப்பேன்."

நான் ஒண்ணு உங்ககிட்ட சொல்லலை. பனிக்காலம் வந்தா அவ சமையக்கட்டுலதாங்க படுப்பா. பெட்ரூம்ல ஹீட்டர் இருக்குது, எனக்குச் சளி புடிக்கற உடம்புங்கறதால வாங்கினது. அவ அங்க படுக்க மாட்டா. என் குறட்டைக்குப் பயந்துதான் போறான்னு நெனைச்சுக்கிட்டேன். அடுப்புச் சூடு இருக்குதே, அங்கதான் இவளுக்கு சுகம்னு ஆபீஸ்ல கூட வேடிக்கையா சொல்லுவேன். மார்கழியில அவ விரலெல்லாம் சிவந்து வீங்கிரும். வளையல் போட முடியாது. கையுறை வாங்கிப் போடுன்னு சொல்லுவேன். சொல்லியிருக்கேன். வாங்கித் தரலை.

அடுத்த நா நான் சமையக்கட்டுலயே படுத்தேன். அவ பாய், அவ போர்வை. அளவு பாக்கணுமில்ல, அதுக்காகத்தான். டம்ளரைக் கவுத்து வெச்சேன். சொட்டு விழுந்துச்சு. அந்தத் தரை இருக்குதே, பாய் இருக்கறதே தெரியலைங்க. அடுப்புச் சூடெல்லாம் ஒண்ணும் இல்லை, அடுப்பு அணைஞ்ச கொஞ்ச நேரத்துக்குள்ள போயிருது. ஒரு நாள்தான் படுத்தேன். சத்தம் நிக்கும், முழிக்கணும்னு பாத்துட்டே இருந்தேன். எப்ப நின்னுச்சுன்னே தெரியலை. எந்திரிச்சுப் பாத்தா விடிஞ்சிருக்குது, உறைஞ்சிருக்குது. அவளுக்கு எப்படித்தான் முழிப்பு வந்துச்சோ.

அன்னிக்கு அந்தச் சமையக்கட்டுல உக்காந்துக்கிட்டு அழுதேங்க. அறுபத்தியாறு வயசுல. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க காரமடையில எறங்கிப் போயிருவீங்க.

இன்னும் ஒண்ணு இருக்குது. அவ ஏன் திரும்பி வரலைன்னு நீங்க கேக்கலை. கேட்டிருந்தா குழந்தையைப் பாத்துக்கறதுக்குன்னு சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன். அவ கெளம்பற அன்னிக்கு வாசப்படியில நின்னுக்கிட்டு, பதினஞ்சு நாள்ல வந்துருவேங்கன்னுதான் சொன்னா. நான்தான், குளிரு குளிருன்னு உயிரை விடறவ எதுக்கு வரணும், பனி முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராத, எனக்கு ஒருத்தரும் வேண்டாம், நானே பாத்துக்குவேன்னேன். போஜன் வீட்டம்மா அந்தப் பக்கம் நிக்குது. அதுக்குக் கேக்கணும்னே சொன்னேன்னு வெச்சுக்கங்க. அவ சரிங்கன்னா. பையைத் தூக்கிட்டுப் போயிட்டா. முப்பத்தியொரு வருஷத்துல நான் சொன்னதை எல்லாம் கேக்கற மாதிரி கேட்டுட்டு, பின்னாடி போய்த் தொறந்து விட்டவ. இந்த ஒண்ணை மட்டும் சொன்னபடியே எடுத்துக்கிட்டா. அதுதாங்க எனக்கு விளங்கலை. இதையும் என்கிட்ட சரின்னு சொல்லிட்டு, பதினஞ்சாம் நாள் வந்து நிப்பான்னு நான் நெனைச்சுட்டேன்.

கல்லாறு பாலம் வந்துருச்சு. இங்க வந்தா பாக்கு மர வாசம் அடிக்கும். சரி, இப்பக் கழட்டிர்றேன் ஸ்வெட்டரை. கொஞ்சம் புடிச்சுக்கங்க இந்தக் குழாயை. ஓரம் பாத்து.

வீட்டுக்கு யாரு காவல்னா? வீட்டுல யாரும் இல்லீங்க. பூட்டிட்டு வந்துட்டேன். யூசுப் பாய்தான் சொன்னாரு, பனியில வீட்டைப் பூட்டிட்டுப் போறதா இருந்தா கேட் வால்வை மூடிட்டு, எல்லாக் குழாயையும் தொறந்து விட்டு, உள்ள இருக்கற தண்ணியை வடிச்சுட்டுப் போங்க, தண்ணி இல்லாட்டி எது வெடிக்கும்னு. இவ்வளவுதான் விஷயம். வீட்டை யாரு பாத்துக்கறதுன்னு மூணு மாசமா உக்காந்திருந்தேன். காலையில கல்லுக்குப் பின்னால கையை விட்டு நானே மூடினேன். எல்லாக் குழாயும் தொறந்து கெடக்குது, ஒண்ணும் சொட்டலை. கடைசிச் சொட்டு விழுந்த வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். சாவி போஜன்கிட்ட இருக்குது. பனி முடியற வரைக்கும் வர மாட்டேன்னு சொன்னேன். நல்லதுன்னாரு. அவ்வளவு வருஷம் கழிச்சு அவரு என் கையைப் புடிச்சாரு.

மேல தட்டுல அந்தப் பச்சைப் பை இருக்குதே, அது என்னுதுதான். உள்ள வேட்டி, சட்டை, ரெண்டு மாச மாத்திரை, என் தலகாணி. தலகாணி இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. ஒரு ஜோடி கையுறையும் இருக்குது. கோயமுத்தூர்ல கையுறை எதுக்குன்னு கடைக்காரன் கேட்டான், அடுத்த வருஷத்துக்குன்னேன்.

நான் வர்றது அவளுக்குத் தெரியாதுங்க. போன் பண்ணிச் சொன்னா, வாங்கன்னும் சொல்லாம வராதீங்கன்னும் சொல்லாம, சரிங்கன்னு சொல்லிருவா. அந்தச் சரிங்கறதை இனிமே போன்ல கேட்டு என்னால ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. மூஞ்சியைப் பாத்தாத்தான் தெரியும். அதனால குழாயைக் காட்டறதுக்கு வந்தேன்னு சொல்லிட்டு உள்ள போயிடலாம்னு யோசனை. எவ்வளவு பனி பாரு, எப்படிப் பிளந்திருக்குது பாருன்னு காட்டினா, பேச்சு தானா வந்துரும். ஆனா பை கையில இருக்குமே. பையைப் பாத்தா தங்கத்தான் வந்திருக்கேன்னு அவளுக்குப் புரிஞ்சுரும். வாசல்லயே மாப்பிள்ளை இருந்தாருன்னா இன்னும் சங்கடம்.

மேட்டுப்பாளையம் தாண்டியாச்சு, உங்க ஊரு வந்துரும். எந்திரிச்சுட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எறங்குங்க. இத்தனை நேரம் நானே பேசிட்டேன், நீங்க உங்க யோசனையைச் சொல்லவே இல்லை. உங்களுக்கும் வீட்டம்மா இருப்பாங்களே. கதவைத் தொறந்தவுடனே குழாயை நீட்டட்டுமா, பையை நீட்டட்டுமா?